மேட்டு நிலத்துக் கற்கள்

பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேராக மேட்டுக்கு ஏறியதுதான் தப்பு என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தம்பியைக் கூப்பிட்டுப் பக்குவமாக விசாரித்திருந்தால் இத்தனை ரகளை ஆகியிருக்காதாம். திருட்டுக் கொடுத்தவனைப் பார்த்து நீ ஏன் சத்தம் போடுகிறாய் என்று கேட்கிற ஊர் அது. அங்கே வேறெப்படிப் பேசுவார்கள்?

அவளை எல்லோரும் மேட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சரிவின் உச்சியில், அதற்கு மேலே வெறும் பாறையும் புதரும்தான் என்கிற இடத்தில் அவள் நிலம் இருந்தது. டவுனில் துணிக்கடையில் வேலை பார்க்கும் மகளுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று போனவள், ஆபரேஷன் சிக்கலாகி, தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தே மாதக்கணக்கை ஓட்டியிருந்தாள். அவ்வளவு கஷ்டத்திலும் ஒரே ஆறுதல் தம்பியின் போன். தினமும் பேசினான். மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, நீ கவலைப்படாதே என்றான். பக்கத்துக் கட்டில்காரியிடம் அவள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கூட இருக்கிறாள். தாய் போனபிறகு தான் வளர்த்த பிள்ளை, கைவிடமாட்டான் என்று.

மேட்டில் ஏறி நின்றவளுக்கு முதலில் வேறு யார் நிலத்துக்கோ வந்துவிட்டோமோ என்று இருந்தது. அவளுடைய கல்வரிசைகளைக் காணோம். ஒன்றுகூட இல்லை. சரிவுக்குக் குறுக்கே, மேலிருந்து கீழ்வரை ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த வரிசைகள். இப்போது அந்த இடத்தில் பல் பிடுங்கிய ஈறு மாதிரி குழிகுழியாகப் பச்சை மண் தெரிந்தது. கற்கள் தாங்கி நின்ற மண், பிடிமானம் இல்லாமல் விளிம்பிலேயே உதிரத் தொடங்கியிருந்தது.

அந்த வரிசைகளை யாரும் கட்டியதாக ஊரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை என்பது உண்மைதான். ஒவ்வொரு உழவிலும் மண்ணுக்குள்ளிருந்து கல் கிளம்பும். மற்றவர்கள் அதைப் பொறுக்கி ஓரத்தில் வீசுவார்கள். அவள் வீசமாட்டாள். பெரியதை முன்னால் வைத்து, சிறியதைப் பின்னால் அண்டைகொடுத்து, ஒரே மட்டத்துக்குக் குறுக்கே அடுக்கிக்கொண்டு போவாள். வீட்டுக்காரர் இருந்தபோதும் அடுக்கினாள், அவர் போனபிறகும் அடுக்கினாள். மழைத் தண்ணீர் அங்கே வந்து ஒரு நிமிஷம் நின்று, கொண்டுவந்த மண்ணை இறக்கிவைத்துவிட்டுத்தான் கீழே போகும். பாறைமேல் பயறு விளைகிறது என்று அவளைக் கிண்டல் செய்தவர்கள் அது பாறை இல்லை, முழங்கால் ஆழத்துக்கு அவள் சேர்த்துவைத்த மண் என்பதைக் கவனிக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் வேண்டாத கல்லைக் குவித்துப் போட்ட மாதிரிதான் இருக்கும். அவளும் யாரிடமும் விளக்கிக்கொண்டிருந்ததில்லை.

கற்கள் எங்கே போயின என்று தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மேட்டிலிருந்து பார்த்தாலே கீழே ஓடையில் புதிதாகக் கட்டியிருந்த தடுப்பணை தெரிந்தது. நல்ல அழகான அணை. பையைக்கூடக் கீழே வைக்காமல் இறங்கிப் போனாள். வெள்ளைக் கீற்று ஓடிய கல், கலப்பை பட்டு முனை உடைந்த கல், இரண்டு பேர் சேர்ந்தால்தான் அசையும் பெரிய தட்டைக் கல், எல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. அணையின் நெற்றியில் ஒரு பலகை. மண் அரிப்பைத் தடுக்க மக்கள் பங்களிப்பில் கட்டப்பட்டது என்று எழுதி, கீழே தலைவர், செயலாளர் என்று இரண்டு வரி. மண் அரிப்பைத் தடுக்கிறார்களாம். மண்ணைத் தடுத்துக்கொண்டிருந்த கல்லைப் பெயர்த்து வந்து, மண் வரட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று கீழே கையேந்திக்கொண்டு நிற்கிறார்கள். இதற்கு ஊர் கூடி, பாட்டுப் போட்டு, சரிவில் உருட்டி உருட்டி இறக்கியிருக்கிறார்கள்.

செயலாளர் என்றால் அவளுடைய தம்பிதான். ஊரில் அவனுக்குப் பெயர் மைக்செட்டு. சின்ன வயதிலிருந்தே எங்கே மைக் இருந்தாலும் அங்கே போய் நிற்பான். நிலத்தில் கால் வைக்கமாட்டான், தன் பங்கைக் குத்தகைக்கு விட்டுவிட்டான், ஆனால் அறிவிப்புச் செய்ய அவனை விட்டால் ஆள் கிடையாது. சரிவு முழுக்க மண் கரைந்து போகிறது, ஊரே சேர்ந்து காப்பாற்ற வேண்டும் என்று ஒரு திட்டம் வந்து, குழு அமைத்தபோது செயலாளராக அவனைப் போட்டார்கள். மளிகைக் கடைக்காரர் தலைவர். பழைய தானியக் கிடங்கைச் சுத்தம் செய்து குழு அறை ஆக்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சரிவின் வரைபடம், கூரைமேல் ஒலிபெருக்கி. கூட்டம் என்றால் தம்பி மைக்கில் கூப்பிடுவான். மேட்டக்கா ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. கூட்டம் போட்டால் மண் நின்றுவிடுமா என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

இப்போது அந்த அறைக்குள் முதல்முறையாக நுழைந்தாள். தம்பி ஆம்ப்ளிஃபையரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. மருமகள் எப்படி இருக்கிறாள் என்று ஆரம்பித்தான்.

"கல்லு எங்கடா" என்றாள் அவள்.

கடைக்காரர்தான் பதில் சொன்னார். ஆற்றிலிருந்து கல் எடுத்து வருவதாகத்தான் முதலில் பேச்சாம். வீட்டுக்கு ஒரு பங்கு. ஒருவனுக்கு முதுகுவலி, ஒருவனுக்குக் கல்யாண வேலை, ஒருவன் வந்தால் இன்னொருவன் வருவதில்லை. மழைக்காலம் நெருங்குகிறது. அப்போதுதான் மேட்டில் கல் சும்மா கிடக்கிறதே என்று யாரோ சொன்னார்களாம். சரிவில் உருட்டினால் தானே இறங்கிவிடும், தூக்கவும் வேண்டாம். கூட்டத்தில் வைத்து முறைப்படி முடிவு எடுத்தோம் என்றார் அவர்.

"என்னைக் கேட்டீங்களா?"

"கூட்டத்துக்குக் கூப்பிட்டா வரணும் இல்லம்மா. வராதவங்க ஒத்துக்கிட்டதா அர்த்தம். அதுதான் குழு விதி. இல்லன்னா இந்த ஊர்ல ஒரு வேலை நடக்குமா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். விதி அதுதான் அக்கா என்றான் அவனும், ஆம்ப்ளிஃபையரைப் பார்த்துக்கொண்டே. கூட்டத்துக்குத் திட்டத்தைப் பார்வையிடும் மேடமும் வந்திருந்ததாகவும், அந்தக் கல் யாருடையது என்று அந்த அம்மா கேட்டபோது எங்களுடையதுதான், வேண்டாதது, உழும்போது பொறுக்கிப் போட்டது என்று தான் சொன்னதாகவும் சொன்னான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள் அவள். சின்ன வயதில் அவனும்தானே அவள்கூடக் கல் தூக்கி வைத்தான், அப்போது அது வேண்டாத கல்லாகவா இருந்தது என்று கேட்டாள். அதெல்லாம் ஞாபகம் இல்லை என்றான். கல்தானே போயிற்று, மண்ணா போயிற்று என்று கடைக்காரர் டம்ளரைக் கவிழ்த்துவைத்தார்.

மண் அடுத்த வாரமே போயிற்று.

பெரிய மழைகூட இல்லை, பருவத்தின் முதல் மழை. ஆனால் தடுக்க ஒன்றும் இல்லாத சரிவில் தண்ணீருக்கு என்ன மரியாதை. வந்த வேகத்தில் வழித்துக்கொண்டு போயிற்று. மழை விட்டதும் அவள் போய்ப் பார்த்தபோது மேல்பாதி நிலத்தில் மண்ணுக்குள் இருந்த சரளை வெளியே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பியதும் விதைத்திருந்த பயறு எங்கே என்றே தெரியவில்லை. நடுவில் ஒரு கோடு கிழித்த மாதிரி நீர் ஓடிய தடம். அதற்குள் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கியது. இன்னும் இரண்டு மழை இப்படிப் பெய்தால் அவளுக்கு அந்த இடத்தில் நிலம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. பாறைக்குத்தான் வரி கட்ட வேண்டும். இந்த வயதில் கூலிக்குப் போய் நிற்கவா இத்தனை வருஷம் குனிந்து கல் அடுக்கினோம் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழவில்லை. அழுதால் ஆத்திரம் குறைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அதே நேரம் கீழே ஓடைக்கரையில் திருவிழாக் கூட்டம். அணைக்குப் பின்னால் வண்டல் நிறைந்து கிடந்தது. கறுப்பாக, வழுவழுவென்று, கையில் எடுத்தால் விரல் இடுக்கில் ஒட்டிக்கொள்கிற நல்ல மண். ஒரே மழையில் இவ்வளவு பிடித்துவிட்டதே, என்ன அணை, என்ன அணை என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஆளுக்கு ஆள் போட்டோ எடுத்தார்கள். இரண்டு நாள் காயவிட்டு, வீட்டுக்கு இத்தனை கூடை என்று பிரித்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் அங்கேயே முடிவு சொன்னார். இத்தனை பேரும் சேர்ந்து கட்டிய அணை, அதில் சேருவது பொதுச் சொத்து, அதுதான் நியாயம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், ஒரு கை மண்ணை அள்ளி, அதில் முளைவிட்டுக்கொண்டிருந்த பயறு ஒன்றை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேராகக் காட்டினாள். "இது யார் வீட்டுப் பயறுன்னு சொல்லுங்க. அதையும் பங்கு போட்டுக்கங்க" என்றாள். சிலர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள்மேல் வந்த கோபத்தைவிட, தலை குனிந்தவர்கள்மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. தெரிந்துகொண்டே கூடையோடு நிற்கிறவர்களை என்ன செய்வது.

மறுநாள் திட்டத்து மேடம் வந்தாள். சின்னப் பெண், மகள் வயதுதான் இருக்கும், புழுதி படிந்த பைக்கில் ஊர் ஊராகச் சுற்றுகிறவள். மேட்டக்கா அவளையும் விடவில்லை, கையைப் பிடிக்காத குறையாக மேலே கூட்டிப்போய் நிறுத்தினாள். மேடம் குனிந்து சரளையைக் கையால் கிளறிப் பார்த்தாள். பிறகு, ஏற்கெனவே கல்வரிசை இருக்கும் இடத்தில் கையே வைக்கக்கூடாது, மேலே தண்ணீரை நிறுத்தினால்தான் கீழே அணைக்கு வேலை குறையும், முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லியிருந்தேன் என்றாள். பொறுக்கிப் போட்ட கல் என்று செயலாளர் சொன்னதை நம்பிவிட்டேன், ஏறி வந்து ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, அது என் தப்பு என்றும் சொன்னாள். அந்த ஊரில் தப்பு என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவள்தான். ஒப்புக்கொண்டதால் மேட்டக்காவுக்கு அவளைத் திட்டவும் முடியாமல் போயிற்று.

அணையைப் பிரித்து என் கல்லை எடுத்துக்கொள்கிறேன் என்றாள் மேட்டக்கா. அதுதான் கூடாது என்று மேடம் பதறினாள். அணையில் ஒரு கல்லை உருவினாலும் பின்னால் நிற்கும் வண்டல் மொத்தமும் ஓடையோடு போய்விடும். உங்கள் மண் இப்போது அந்த அணையை நம்பித்தான் இருக்கிறது என்றாள். ஆற்றிலிருந்து புதிதாகக் கல் கொண்டுவந்து மேலே வரிசையை மறுபடி கட்ட வேண்டும், வண்டலை அள்ளி மேலே சேர்க்க வேண்டும், அடுத்த பெரிய மழைக்குள் செய்தால் நிலம் தப்பிக்கும். ஆனால் அது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை, ஊரே வர வேண்டும், குழுதான் முடிவு செய்ய வேண்டும்.

குழுவா. குழுத் தலைவர் முதலில் வண்டல் பங்கு முடியட்டும் என்றார். மேடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள், வரைபடத்தைக் காட்டிச் சொன்னாள், உங்கள் நிலம் அவர்கள் நிலத்துக்கு நேர் கீழே இருக்கிறது, அடுத்தது உங்களுக்குத்தான் என்றுகூடச் சொன்னாள். பார்க்கலாம் மேடம் என்று சப்பைக்கட்டுக் கட்டி அனுப்பிவைத்தார்.

வண்டல் காய்வதற்குள் அடுத்த மழை வந்தது. மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு, வேலையில் இருந்தவர்கள் வீட்டுக்கு ஓடுவதற்குள் கொட்டத் தொடங்கியது. மேட்டக்கா நிலத்தில்தான் இருந்தாள். இரண்டு நாளாகப் புதரை வெட்டிக் குறுக்கே போட்டு, சாக்கில் சரளையை நிரப்பி அண்டைகொடுத்து, தன்னால் ஆன வரை ஒரு தடுப்பு செய்திருந்தாள். தண்ணீர் அதைப் பொருட்டாகவே மதிக்கவில்லை. புதர் முதலில் மிதந்தது, பிறகு சாக்குகள் உருண்டன. பழைய தடம் அவள் கண்ணெதிரே பள்ளமாக இறங்கி, பக்கவாட்டில் இடிந்து, மண் கட்டிகட்டியாக விழுந்து கரைந்தது. பள்ளம் அவள் எல்லையோடு நிற்கவும் இல்லை. கீழே கடைக்காரரின் மக்காச்சோளத்துக்குள் புகுந்து, ஒரு வரிசைப் பயிரைப் படுக்க வைத்திருந்தது. நன்றாக வேண்டும் என்று ஒரு கணம் அவளுக்கு இருந்தது. அந்த ஆளின் சோளம் சாய்ந்தால் தன் மண் ஏறி வந்துவிடப் போவதில்லை என்று உடனே உறைத்ததும் அந்தச் சந்தோஷமும் போய்விட்டது.

மண்வெட்டியோடு ஊருக்குள் ஓடினாள். தெருவில் ஒரு ஆள் இல்லை. குழு அறை மட்டும் திறந்திருந்தது. கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழேயிருந்து ஆம்ப்ளிஃபையரை இழுத்து, தம்பி அதற்குப் பிளாஸ்டிக் காகிதம் போர்த்திக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் துண்டை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"கூட்டம் கூப்பிடு" என்றாள்.

"இந்த மழையிலயாக்கா?"

"மழைக்குத்தான் கூட்டம். கூப்பிடு."

அவள் கையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தானோ, முகத்தைப் பார்த்தானோ, மறுபேச்சுப் பேசாமல் மைக்கைப் போட்டான். மைக் முன்னால் வந்ததும் வழக்கம்போல அவன் குரல் கனத்துக்கொண்டது. அவசரக் கூட்டம், மேட்டு நிலத்தில் மண் சரிவு சம்பந்தமாக, அனைவரும் உடனே குழு அறைக்கு வரவும் என்று இரண்டு முறை சொன்னான். ஒலிபெருக்கி மழையை மீறிக் கத்தியது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கேட்டிருக்கும்.

ஒருவரும் வரவில்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் தெருவில் போனான், அறைக்குள் எட்டிப்பார்த்தான், போய்விட்டான். தண்ணீர் வாசற்படியை நக்கிக்கொண்டு ஓடியது. கலங்கிய தண்ணீர். அதில் யாருடைய மண் போகிறது என்று அவளுக்குத் தெரியும். அக்காவும் தம்பியும் காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றார்கள்.

யாரும் வரல, நாளைக்கு வெச்சுக்கலாம் என்று அவன் மைக்கை ஓரமாக நகர்த்தப் போனான்.

"வராதவங்க ஒத்துக்கிட்டதா அர்த்தம். நீங்கதான சொன்னீங்க" என்றாள். "வந்தது நாம ரெண்டு பேர். நான் சொல்றேன், நீ சரின்னு சொல்லு. முடிஞ்சது."

அவன் திகைத்துப்போனான். தலைவர் இல்லாமல் எப்படி என்றான். கூப்பிட்டது தலைவர் காதிலும்தான் விழுந்தது என்றாள். என்ன முடிவு என்று கேட்டான். வீட்டுக்கு ஒரு ஆள் கல் சுமந்து மேலே வரிசை கட்ட வேண்டும், வண்டல் முழுவதும் மேட்டுக்குப் போக வேண்டும், அதுவரை எவனும் ஒரு கூடை எடுக்கக்கூடாது என்று சொன்னாள். இதற்கு ஊர் ஒத்துக்கொள்ளாது என்று அவன் கையைப் பிசைந்தான். தானும் ஒத்துக்கொள்ளவில்லைதான், அதை யாராவது பார்த்தார்களா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு ஒரு கட்டத்தில் ரோஷம் வந்துவிட்டது.

"உனக்கென்னக்கா, நீ மேல உக்காந்துக்கிட்டு பேசுவ. இந்த ஊர்ல ஒரு வேலையை முடிக்கறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஆத்துக்கு வாங்கடான்னா ஆளுக்கொரு சாக்கு. தலைவர் தினமும் எல்லார் முன்னாடியும், உன்னால முடியலன்னா சொல்லிடு, வேற ஆளைப் போட்டுக்கறேன்னு குத்திக் காட்டுவாரு. மைக்செட்டு பேசத்தான் லாயக்குன்னு சிரிப்பாங்க. நான் என்ன பண்றது? உங்கிட்ட கேட்டா நீ குடுத்திருப்பியா? நீ ஊர்ல இருந்திருந்தா ஒரு கல்லு நகந்திருக்காது. அதனாலதான..."

நிறுத்திக்கொண்டான். கூரையில் மழை இரைந்தது.

"அதனாலதான?" என்றாள் அவள்.

அவள் விடவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அது என்ன கல்லுன்னு எனக்குத் தெரியும்க்கா. எடுத்தா மண்ணு நிக்காதுன்னும் தெரியும். ஒரு மழைக்குத் தாங்கும், அப்புறம் ஆளை வெச்சு மறுபடி கட்டிக் குடுத்துடலாம்னு நெனச்சேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம்தான் கூட்டம் வெச்சேன்."

இவ்வளவு நாள் அவளுக்கு ஊர்மேல் இருந்த கோபம் முட்டாள்கள்மேல் வருகிற கோபம். விவரம் கெட்டவர்கள், கல்லுக்கும் குப்பைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் என்று திட்டித் தீர்க்கலாம். தம்பியையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தாள். மண்ணில் கால் வைக்காதவன், தெரியாமல் செய்துவிட்டான் என்று உள்ளுக்குள் அவனுக்காக அவளே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, நீ நிதானமா இருந்துட்டு வாக்கா, இங்க நான் பாத்துக்கறேன் என்று சொன்னவன் இவன்தான். அடித்துவிடுவோமோ என்று பயந்து இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"தினமும் போன் பண்ணியே" என்றாள். "மேட்டுல எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னியே. எங்க நின்னுடா பேசின?"

அவன் ஆம்ப்ளிஃபையரின் காகிதத்தை இழுத்து மூடினான். அவள் திரும்பக் கேட்டாள்.

"அணையில நின்னு."

அவள் எழுந்து போய், பிளாஸ்டிக் காகிதத்தை விலக்கி, மைக்கை அவன் பக்கம் திருப்பிவைத்தாள்.

அவன் மைக்கைப் போட்டான். முடிவைச் சொன்னான். விடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் ஆற்றுக்கு வர வேண்டும், மேட்டு நிலத்தில் வரிசை கட்டி முடித்து வண்டலைச் சேர்க்கும்வரை யாரும் கூடை வைக்கக்கூடாது, கூட்டத்துக்கு அழைத்தும் வராததால் அனைவரும் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் என்றான். மழைக்குள் எங்கோ ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ என்னமோ கத்தினார்கள். அவன் கை ஸ்விட்சுக்குப் போயிற்று. அவள் ஸ்விட்சின்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"மிச்சத்தையும் சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான். சின்னப் பிள்ளையில் தப்பு செய்துவிட்டு, இந்த ஒரு தடவை விட்டுவிடு என்பதுபோல் பார்க்கிற அதே பார்வை. எத்தனையோ தடவை விட்டிருக்கிறாள். கையை எடுக்கவில்லை. கடைசியில் அவன் மைக் பக்கம் குனிந்தான். வழக்கமான கனத்த குரல் வரவில்லை, வீட்டில் பேசுகிற அவனுடைய சொந்தக் குரல்தான் வந்தது. அந்தக் குரலை ஒலிபெருக்கியில் ஊர் அதுவரை கேட்டதில்லை.

"மேட்டுல இருந்தது வேண்டாத கல்லு இல்ல. எங்கக்கா கட்டினது. எனக்கு அது தெரியும். அக்கா இல்லாத நாளாப் பாத்துத்தான் நான் கூட்டம் வெச்சேன்."

அவள் கையை எடுத்தாள். அவன் மைக்கை அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். எதிர்வீட்டு வாசலில் கடைக்காரர் குடையோடு வந்து நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன.

"போதுமாக்கா?" என்று கேட்டான் தம்பி.

"ஊருக்குப் போதும்" என்றாள். மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்று, திரும்பாமலே சொன்னாள். "நாளைக்கு நீயும் கல்லு தூக்க வரணும். வந்து தூக்கு. என்னை அக்கான்னு கூப்பிடாத."

யாருக்கும் காத்திருக்காமல் மழையில் இறங்கி மேட்டைப் பார்த்து நடந்தாள். விடிவதற்கு நிறைய நேரம் இருந்தது. மேலே மண் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது.